ஸ்டாம்பை வெட்டாதீர்கள்

ஸ்டாம்பை வெட்டி ஆல்பத்தில் ஒட்டினால் போதும், கடிதம் எதற்கு என்கிறார் ஒரு நண்பர். போதாது ஐயா!

1844-இல் அமெரிக்காவில் பாஸ்டனிலிருந்து நியூயார்க்குக்கு ஒரு தாள் கடிதம் அனுப்ப அரசுத் தபாலுக்குப் பதினெட்டே முக்கால் சென்ட். லைசாண்டர் ஸ்பூனர் தனியாகக் கம்பெனி தொடங்கி ஐந்து சென்ட்டுக்குக் கொண்டுபோனார். அரசு வழக்குமேல் வழக்குப் போட்டது. கடைசியில் 1845 ஜூலை முதல் 300 மைல் வரை 5 சென்ட் என்று இறங்கியது. தனியாருக்குத் தடையையும் இறுக்கியது. ஆயுள் முழுக்க அரசாங்கக் குமாஸ்தாவாக இருந்தவன் நான், எனக்கே இது உறுத்துகிறது.

இதற்கெல்லாம் சாட்சி அந்த மடித்த தாள்தான். புறப்பட்ட ஊர், தேதி, கொண்டுபோன கம்பெனி, கூலி எல்லாம் அதன்மேல் இருக்கும். ஹேல் கம்பெனியின் சில கடிதங்களில் ஸ்டாம்பே கிடையாது, 'ஆறு சென்ட் வசூலிக்கவும்' என்ற முத்திரை மட்டும். கத்தரிக்கோல்காரருக்கு அது குப்பை!

புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடம் போன வயதில் நானும் அந்தப் பாவத்தைச் செய்தவன். சைகோனிலிருந்து பெரியப்பா போட்ட கடிதங்களைக் கிண்ணத்துத் தண்ணீரில் ஊறவைத்தேன். ஸ்டாம்புகள் இன்னும் இருக்கின்றன. பெரியப்பா என்ன எழுதினார் என்று அம்மா கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தாள்.