எங்கே அடிபட்டது?

காயத்தோடு வந்து நிற்பவரைப் பார்த்து யாரும் முதலில் கேட்பது, ‘எங்கே அடிபட்டது?’ என்றுதான். தமிழில் இந்தக் கேள்விக்கு இரண்டு அர்த்தம் உண்டு. உடம்பில் எந்த இடத்தில் என்பது ஒன்று. ஊரில் எந்த இடத்தில் என்பது இன்னொன்று.

மருத்துவமனைக்கு முதல் அர்த்தம் போதும். கன்னத்தைக் காட்டினால் கன்னத்தில் தையல். கையைக் காட்டினால் கையில் கட்டு. இரண்டாவது அர்த்தத்திலும் கேட்டுப் பார்த்தால் என்ன என்று ஒரு மருத்துவருக்குத் தோன்றியது. அவர் பெயர் ஜொனாதன் ஷெப்பர்ட். கார்டிஃப் பல்கலைக்கழகப் பேராசிரியர். முகம், தாடை அறுவை சிகிச்சை நிபுணர். அங்கே வன்முறையை ஆராய்வதற்கென்றே ஒரு குழுவை அவர் உருவாக்கினார். அந்தக் குழுவின் வேலையால் ஒரு நகரத்தில் அடிபட்டு மருத்துவமனையில் படுப்பவர்களின் எண்ணிக்கையே குறைந்தது.

வேல்ஸ் நாட்டின் தலைநகர் கார்டிஃப். அந்த ஆய்வு நடந்த காலத்தில் சுமார் மூன்றேகால் லட்சம் பேர் வாழ்ந்த ஊர். ரக்பி என்றால் உயிரை விடுவார்கள். ஊருக்கு வெளியே எங்கோ மைதானம் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். நகரின் நட்டநடுவில் இருக்கிறது. அதிலிருந்து நடக்கிற தூரத்தில் பப்புகளும் கிளப்புகளும். வெள்ளி, சனி இரவுகளில் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் தெருவுக்கு வருவார்கள். தோள் இடிக்கும், வார்த்தை தடிக்கும், ஒரு கை ஓங்கும். சில நிமிடங்களில் அவசரப் பிரிவின் வாசலில் ஓர் இளைஞர் முகத்தைத் துண்டால் பொத்திக்கொண்டு நிற்பார்.

முகத்தில் விழும் வெட்டு கையில் விழும் வெட்டு மாதிரி இல்லை. தையல் பிரித்த பிறகும் தழும்பு நிற்கும். வேலைக்கான நேர்காணலிலும், கல்யாணப் புகைப்படத்திலும் அது கூடவே வரும். நரம்பு அறுந்திருந்தால் சிரிக்கும்போது உதட்டின் ஒரு பக்கம் அசையாமல் நிற்கலாம். அப்படிப்பட்ட முகங்களைத் தைப்பதுதான் ஷெப்பர்டின் தொழில். எவ்வளவு நேர்த்தியாகத் தைத்தாலும், அடுத்த வாரக் கடைசியில் இன்னொரு முகம் வந்துவிடும்.

போலீஸுக்குத் தெரியாத அடிதடி

1980-களில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் இருந்தபோது அவர் ஒரு சின்ன வேலை செய்தார். அடிதடியில் காயம்பட்டு மருத்துவமனைக்கு வந்தவர்களின் பதிவுகளை எடுத்தார். அதே சம்பவங்கள் போலீஸ் ஏட்டில் இருக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பார்த்தார். சுமார் நான்கில் ஒரு பங்குதான் இருந்தது. தையல் போடும் அளவுக்கு அடிபட்டவர்களிலேயே பெரும்பாலோர் போலீஸ் கணக்கில் வரவே இல்லை.

ஏன் சொல்லவில்லை? ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம். அடித்தவன் திரும்ப வந்து அடிப்பானோ என்ற பயம். அடித்தது யாரென்றே தெரியாது, சொல்லி என்ன ஆகப் போகிறது என்ற அலுப்பு. ‘நீ என்ன செய்தாய்?’ என்று தன்னையே திருப்பிக் கேட்பார்களோ என்ற தயக்கம். சிலருக்கு வெட்கம். ஆனால் போலீஸ் நிலையத்துக்குப் போகாதவரும் ரத்தம் வழிந்தால் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும்.

அப்படியானால் ஊரில் எங்கே, எப்போது, எதனால் அடிவிழுகிறது என்ற விவரம் காவல் துறையைவிட மருத்துவமனைக்கு அதிகமாகத் தெரிய வாய்ப்பு உண்டு. கேட்காமல் விட்டதால்தான் தெரியவில்லை.

ஒரு டம்ளரின் கதை

‘எதனால்?’ என்ற கேள்வியைக் கேட்டதுமே ஒரு விடை கிடைத்தது. பீர் ஊற்றிக் கொடுக்கும் கண்ணாடி டம்ளர். பப்பில் சண்டை வந்தால் கைக்கு முதலில் கிடைப்பது அதுதான். சாதாரணக் கண்ணாடி உடையும்போது கத்தி மாதிரி நீளமான கூரான சில்லுகளாக உடையும்.

டெம்பர்டு கிளாஸ் என்ற பெயர் செல்போன் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்துக் கெட்டிப்படுத்திய கண்ணாடி அது. எளிதில் உடையாது. உடைந்தாலும் காரின் பக்கவாட்டுக் கண்ணாடி போலப் பொடிப் பொடியாக உதிரும். பப் டம்ளர்களையும் அப்படிச் செய்தால் என்ன? ஷெப்பர்டின் குழு ஆய்வகத்தில் டம்ளர்களை மோதி உடைத்துப் பார்த்தது. நன்றாகக் கெட்டிப்படுத்தியவை அதிக அடி தாங்கின.

அதோடு நிறுத்தியிருந்தால் பேப்பரில் ஒரு நல்ல செய்தி வந்திருக்கும். அவர்கள் நிறுத்தவில்லை. 57 மதுக்கூடங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்குப் பழைய டம்ளர், மறுபாதிக்குக் கெட்டிப்படுத்திய டம்ளர் என்று கொடுத்தார்கள். அங்கே வேலை செய்பவர்களுக்கு ஏற்படும் காயங்களைக் கணக்கெடுத்தார்கள்.

முடிவு தலைகீழாக வந்தது. புது டம்ளர் பயன்படுத்திய இடங்களில்தான் காயம் அதிகம். டம்ளர்களை மறுபடி சோதித்தபோது காரணம் தெரிந்தது. ‘கெட்டிப்படுத்தியது’ என்ற பெயரில் வந்தவை உண்மையில் பழைய டம்ளரைவிடக் குறைவாகவே அடி தாங்கின. பதப்படுத்தியது சரியில்லை. இதை மறைக்காமல் 2000-ல் அப்படியே வெளியிட்டார்கள். டம்ளருக்குத் தரக் கட்டுப்பாடு இல்லாமல், பெயரை மட்டும் நம்பி மாற்றினால் ஆபத்து என்று எழுதினார்கள். நல்ல எண்ணத்தில் செய்ததும் கெடுதலாக முடியலாம், அளந்து பார்த்தால்தான் தெரியும் என்ற பாடத்தை அந்தக் குழு தன் செலவிலேயே படித்தது.

கவுண்டரில் இருப்பவரின் வேலை

இனி ‘எங்கே, எப்போது?’ இதை யார் கேட்பது? டாக்டருக்கும் நர்ஸுக்கும் சனிக்கிழமை ராத்திரி மூச்சு விட நேரமிருக்காது. ஆனால் யார் வந்தாலும் பெயர், வயது, முகவரி கேட்டு கம்ப்யூட்டரில் ஏற்றுபவர் ஒருவர் இருக்கிறார். பதிவு கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் ஊழியர். அந்தத் திரையிலேயே இன்னும் சில கேள்விகளைச் சேர்த்தார்கள். எந்த இடத்தில் அடித்தார்கள்? எந்த நாள், எத்தனை மணிக்கு? கையாலா, காலாலா, டம்ளரா, கத்தியா? கேட்டு முடிக்க ஒன்றிரண்டு நிமிடம் போதும்.

‘எங்கே’ என்பதற்கு ‘டவுனில்’ என்று பதில் வந்தால் உபயோகமில்லை. எந்த பப், எந்தத் தெரு முனை, எந்தப் பூங்காவின் வாசல் என்று கேட்டு எழுத வேண்டும். அந்தத் துல்லியத்தில்தான் திட்டம் முழுவதும் நிற்கிறது.

இங்கே எவருக்கும் ஒரு சந்தேகம் வரும். நம்பி மருத்துவமனைக்கு வந்தவர் சொன்னதைப் போலீஸிடம் கொடுப்பதா? இதற்கான பதிலைத் திட்டத்துக்குள்ளேயே வைத்தார்கள். பெயர், முகவரி, ஆளை அடையாளம் காட்டக்கூடிய எதுவும் வெளியே போகாது. போவது இடம், நேரம், ஆயுதம் மட்டும். மருத்துவமனையே பெயர்களை நீக்கிவிட்டு மாதாமாதம் அனுப்பும். அதைக் காவல் துறைப் புள்ளிவிவரத்தோடு சேர்த்து வரைபடத்தில் புள்ளி வைப்பார்கள். யாரையும் கைது செய்வதற்காக எடுத்த கணக்கு இல்லை அது. அடுத்த சனிக்கிழமை அடிபடப் போகிறவரைக் காப்பதற்கான கணக்கு.

2003 ஜனவரியிலிருந்து இது முறையாக நடந்தது. மருத்துவர்கள், போலீஸ், நகராட்சி அதிகாரிகள் ஆகியோர் ஒரே மேஜையில் உட்கார்ந்து வரைபடத்தைப் பார்த்தார்கள். புள்ளிகள் ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்கவில்லை. சில மதுக்கூடங்கள், சில தெருக்கள், சில மணி நேரங்கள் என்று குவிந்திருந்தன.

பிறகு செய்தவை எல்லாம் சாதாரண வேலைகள். வாரக் கடைசி இரவுகளில் புறநகரில் இருந்த போலீஸாரை நகர மையத்துக்கு மாற்றினார்கள். ரோந்து போகும் வழியைத் திருத்தினார்கள். அடிக்கடி அடி விழும் மதுக்கூடங்களின் மீது தனிக் கவனம் வைத்தார்கள். மதுக்கூடங்கள் வரிசையாக இருந்த செயின்ட் மேரி தெருவில் வாகனங்களைத் தடுத்து, நடப்பவர்களுக்கு விட்டார்கள். குறுகிய நடைபாதையில் முட்டி மோதிக்கொண்டு நின்ற கூட்டத்துக்கு நகர இடம் கிடைத்தது.

மற்ற ஊர்களோடு ஒரு ஒப்பீடு

டம்ளரில் கற்ற பாடம் மறக்கவில்லை. இதையும் அளந்தார்கள். கார்டிஃபின் கணக்கை மட்டும் பார்த்தால் போதாது. நாடு முழுக்கவே வன்முறை குறைந்திருந்தால்? அதனால் அளவிலும் தன்மையிலும் அதைப் போன்ற 14 நகரங்களோடு ஒப்பிட்டார்கள். முடிவு 2011-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது.

அடிபட்டு மருத்துவமனையில் சேர்க்கப்படுபவர்கள், லட்சம் பேருக்கு மாதம் 7 என்பதிலிருந்து 5 ஆகக் கார்டிஃபில் குறைந்தார்கள். அதே காலத்தில் மற்ற நகரங்களில் 5 என்பது 8 ஆக ஏறியது. வேறு காரணங்களையும் கழித்துப் பார்த்தால் 42 சதவிகிதம் குறைவு.

ஒரு எண் மட்டும் எதிர்த்திசையில் போனது. போலீஸ் ஏட்டில் பதிவான சிறிய கைகலப்புகள் கார்டிஃபில் கூடியிருந்தன. முதலில் பார்த்தால் தோல்வி மாதிரி தெரியும். ஆய்வாளர்கள் இதற்குச் சொன்ன விளக்கம் வேறு. சரியான இடத்தில் சரியான நேரத்தில் போலீஸ் நின்றதால், தள்ளுமுள்ளு என்ற அளவிலேயே தலையிட்டிருக்கலாம். அப்போது ஏட்டில் ஒரு வரி கூடும். மருத்துவமனையில் ஒரு கட்டில் காலியாக இருக்கும்.

செலவையும் கணக்குப் பார்த்தார்கள். திட்டத்துக்குச் செலவழித்த ஒவ்வொரு பவுண்டுக்கும் சமூகத்துக்கு 82 பவுண்டு மிச்சம் என்று 2014-ல் வெளியான ஆய்வு சொன்னது. அதற்கு முன்பே 2008-ல், குற்றவியல் ஆய்வுக்கான ஸ்டாக்ஹோம் பரிசு ஷெப்பர்டுக்குக் கிடைத்திருந்தது. வாழ்நாள் முழுக்க முகம் தைத்த ஒரு மருத்துவருக்குக் குற்றவியல் பரிசு.

வீட்டுக்குள் விழும் அடி

தெருவில் அடிபட்டவரே சொல்லத் தயங்கினால், வீட்டுக்குள் அடிபட்டவர் எவ்வளவு தயங்குவார்? ‘எங்கே?’ என்ற கேள்விக்கு ‘வீட்டில்’ என்பதுதான் விடை என்றால், ரோந்து வண்டியை எங்கே நிறுத்துவது? பெயரில்லாத புள்ளி இங்கே உதவாது. அந்தப் பெண் யார் என்று தெரிந்தால்தான் காப்பாற்ற முடியும்.

அதே கார்டிஃபில், அதே 2003-ல், இதற்கு வேறொரு வழி தொடங்கியது. மிக அதிக ஆபத்தில் இருக்கும் பெண்களைப் பற்றிப் பேச போலீஸ், மருத்துவத் துறை, வீட்டு வசதித் துறை, குழந்தைகள் நலத் துறை, பெண்கள் அமைப்பு ஆகியோர் ஒன்றாகக் கூடினார்கள். ஒரு பெண்ணின் பல் உடைந்தது மருத்துவமனைக்குத் தெரியும். அவர் பூட்டை மாற்றித் தரச் சொல்லி மனு கொடுத்தது வீட்டு வசதித் துறைக்குத் தெரியும். முன்பொரு நாள் போன் செய்தது போலீஸுக்குத் தெரியும். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சின்ன விஷயம். சேர்த்து வைத்தால்தான் ஆபத்தின் முழு உருவம் தெரியும். அந்தப் பெண்ணின் சார்பில் பேச ஓர் ஆலோசகரும் அங்கே இருப்பார். கார்டிஃபில் பிறந்த இந்த ஏற்பாடு பின்னர் பிரிட்டன் முழுவதும் பரவியது.

கவுண்டர் கேள்வித் திட்டமும் கடல் கடந்தது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் அதைக் கையில் எடுத்தது. அட்லான்டா நகரத்தின் கிரேடி மருத்துவமனையிலும், ஆஸ்திரேலியாவின் சில மருத்துவமனைகளிலும் அதே கேள்விகள் கேட்கப்பட்டன.

எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடந்துவிடவில்லை. பிரிட்டனிலேயே சில ஊர்களில் ‘இடம்’ என்ற கட்டம் காலியாகவே இருந்தது. சில இடங்களில் விவரம் சேர்ந்தது, ஆனால் யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. கேட்பவருக்கு ஏன் கேட்கிறோம் என்று தெரியாவிட்டால் கேள்வி சீக்கிரமே சடங்காகிவிடும். தான் தட்டிய ஒரு வரியால் ஒரு தெருமுனையில் போலீஸ்காரர் வந்து நின்றார் என்று அந்த ஊழியருக்கு யாராவது திரும்பி வந்து சொல்ல வேண்டும். சொன்ன இடங்களில் அடுத்த முறையும் அக்கறையாகக் கேட்பார்.

வாரக் கடைசி வரும்போதெல்லாம் கார்டிஃபின் தெருக்கள் இன்றைக்கும் நிரம்புகின்றன. சிலர் அடிபட்டு வரத்தான் செய்கிறார்கள். துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு வருபவரிடம் கவுண்டரில் பெயர் கேட்பார்கள், வயது கேட்பார்கள். பிறகு ‘எங்கே அடிபட்டது?’ என்று கேட்பார்கள். அவர் கன்னத்தைக் காட்டுவார். ‘அது தெரிகிறது, எந்த இடத்தில் என்று சொல்லுங்கள்’ என்று மறுபடி கேட்பதற்குள் இருக்கிறது, அடுத்தவரின் கன்னம்.