எட்டாயிரம் ரூபாயில் ஆராய்ச்சியா?

மத்திய சர்வகலாசாலைகளில், 'நெட்' உதவித்தொகை இல்லாமல் பி.எச்.டி. ஆராய்ச்சி செய்யும் மாணவருக்கு மானியக் கமிஷன் அளக்கும் படி மாதம் 8,000 ரூபாய். 2015 அக்டோபரில் அதையும் நிறுத்துவதென்று கமிஷன் தீர்மானித்தது. மாணவர்கள் டில்லியில் கமிஷன் அலுவலக வாசலிலேயே இரவும் பகலும் உட்கார்ந்தார்கள். தடியடி பட்டார்கள், கைதானார்கள், தொகை தப்பியது. தப்பியதே தவிர, வளரவில்லை.

2023 ஜனவரி முதல் 'நெட்' தேறிய இளம் ஆராய்ச்சியாளரின் தொகையை 31,000-லிருந்து 37,000 ஆக உயர்த்தினார்கள். நல்லது, வரவேற்போம். ஆனால் அதே ஆய்வுக்கூடத்தில், அடுத்த மேஜையில், அதே வேலை செய்பவருக்கு ஒரு பைசா உயர்வில்லை! அதே ஆண்டில் டில்லியில் தேர்ச்சி பெறாத தொழிலாளிக்குச் சர்க்கார் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மாதம் 17,000 ரூபாய்க்கு மேல். அதுவே போதாது என்கிறான் தொழிலாளி, நியாயம்தான். அதில் பாதிகூட இல்லாத தொகையில் வாடகை கொடுத்து, சாப்பிட்டு, ஆராய்ச்சியும் செய் என்றால், அப்பன் சொத்து உள்ளவன் மட்டும் படி என்றுதானே பொருள்?

சிறுபான்மை மாணவருக்கென்று 2009-ல் வந்த மௌலானா ஆசாத் உதவித்தொகையை 2022 டிசம்பரில் கைவிட்டார்கள். வேறு திட்டங்களோடு மோதுகிறதாம். பார்லிமெண்டில் மந்திரியார் தந்த பதில் இது. ஒருவர் ஒரே சமயத்தில் இரண்டு உதவித்தொகை வாங்க விதியிலேயே இடமில்லையே, பிறகு என்ன மோதல்?

ராஜ்ய சர்வகலாசாலை மாணவருக்கோ கமிஷனின் அந்த 8,000-மும் கிடையாது. தொகையை உயர்த்து, ராஜ்ய சர்வகலாசாலைகளுக்கும் கொடு என்று 2015-லேயே மாணவர்கள் கேட்டார்கள். எங்கே பதில்?