பிராக்கெட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள்



கவுன்சிலிங் நெருங்கினால் என் போன் ஓயாது. இந்த முறை அம்பத்தூரிலிருந்து திருநின்றவூர் வரை எல்லோருக்கும் ஒரே கேள்விதான். "சார், வெறும் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கலாமா, இல்ல பிராக்கெட்ல சைபர் செக்யூரிட்டி போட்டிருக்கே, அதை எடுக்கலாமா?"

பதினேழு வயதில் பிராக்கெட் வேண்டாம் என்பதே என் பதில். கோபப்படாமல் காரணத்தைக் கேளுங்கள்.

2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்களை முடக்கினார்கள். ஏறக்குறைய இரண்டு வாரம் அங்கே பதிவெல்லாம் கையெழுத்தில்தான் நடந்தது. நெட்வொர்க்கைச் சரியாகப் பிரித்து வைக்காததே காரணம் என்று நாடாளுமன்றத்தில் அரசே சொன்னது. அறைக்கு அறை கதவு இல்லாத வீடு மாதிரி. ஒரு அறைக்குள் வந்தவன் வீடு முழுக்க நடமாடிவிட்டான். 2017 மே மாதம் உலகையே கலக்கிய வானாக்ரை வைரஸுக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே அப்டேட் கொடுத்திருந்தது. அதைப் போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

இரண்டிலும் கோட்டை விட்டது நெட்வொர்க், ஆபரேட்டிங் சிஸ்டம் என்ற அடிப்படைப் பாடங்களில். வீட்டின் வாசல் எத்தனை என்று தெரியாதவன் அதற்கு எப்படிக் காவல் இருப்பான்?

என் பழைய மாணவன் ஒருவன், எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவன். கவுன்சிலிங்கில் மகளுக்குக் கிடைத்த கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டை விட்டுவிட்டு, மனைவியின் நகையை அடகு வைத்து, வேறொரு கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் இந்த பிராக்கெட்டை வாங்கினான். மூன்றாம் வருடம் அந்தப் பிள்ளையிடம் ஐ.பி. முகவரி என்றால் என்னம்மா என்று கேட்டேன். தலை குனிந்தது. தப்பு பிள்ளையுடையது அல்ல. நெட்வொர்க் லேப் பேருக்குத்தான் நடந்ததாம். அன்று "நல்ல கோர்ஸ்தானேப்பா" என்று தலையாட்டியவன் நான். அந்த உறுத்தலில்தான் இதை எழுதுகிறேன்.

"அப்போ சைபர் செக்யூரிட்டிக்கு வேலையே இல்லையா சார்?" இருக்கிறது, நிறையவே இருக்கிறது. ஆனால் அந்த வேலைக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவனும் போகலாம். நாளைக்கு மனம் மாறினால் அவனுக்கு வேறு வழிகளும் திறந்திருக்கும். மேல்படிப்புக்கான கேட் தேர்வில்கூட சைபர் செக்யூரிட்டிக்குத் தனித்தாள் கிடையாது. கம்ப்யூட்டர் சயின்ஸ் தாளைத்தான் எழுத வேண்டும். அடிப்படை பலமாக இருந்தால் சிறப்புப் படிப்பை எம்.டெக்.கில் எடுத்துக்கொள்ளலாம்.

நல்ல கல்லூரியில் அந்தப் பிரிவுதான் கிடைக்கிறது என்றால் தாராளமாகச் சேருங்கள். சேருமுன் சிலபஸை வாங்கிப் பாருங்கள். டேட்டா ஸ்ட்ரக்சர், ஆபரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க் மூன்றும் முழுதாக இருக்கிறதா, அவற்றை நடத்துவது யார், லேப் உண்மையிலேயே நடக்கிறதா என்று சீனியர் பிள்ளைகளிடம் விசாரியுங்கள். விளம்பரப் பலகையிடம் விசாரிக்காதீர்கள்.

நகையை அடகு வைக்கும் முன் எனக்கு ஒரு போன் போடுங்கள். இந்த முறை தலையாட்ட மாட்டேன்.