லினக்ஸ் கணினியில் பிடிஎஃப் படிவங்கள்: நிலைப்பாட்டு அறிக்கை

பிடிஎஃப் கோப்பு திருத்துவதற்காக உருவான வடிவம் அல்ல. 1993-இல் அடோபி நிறுவனம் அதை வெளியிட்டபோது, எந்தக் கணினியில் திறந்தாலும் பக்கம் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்பதே நோக்கம். கோப்பின் உள்ளே இருப்பது பெரும்பாலும் இந்த எழுத்துவடிவை இந்த இடத்தில் வை என்னும் கட்டளைகள்தான். ஆகவே அதைத் திருத்துவதில் வரும் சிரமம் லினக்ஸின் குறையல்ல. 2008-இல் ஐஎஸ்ஓ 32000-1 என்ற பொதுத் தரநிலையான பிறகு யார் வேண்டுமானாலும் பிடிஎஃப் மென்பொருள் எழுதலாம், எழுதியும் இருக்கிறார்கள். சிக்கல் படிவத்தைத் தயாரிக்கும் இடத்தில் தொடங்குகிறது. பொதுமக்களிடம் கேட்கப்படும் எந்தப் படிவமும், ஒரு தனி நிறுவனத்தின் மென்பொருளை நம்பியிராமல், தமிழிலேயே நிரப்பக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது இவ்வமைப்பின் நிலைப்பாடு.

கரடியூர் உள்ளிட்ட சேர்வராயன் மலைக் கிராமங்களில் இது கணினி ஆர்வலர்களின் விவாதமாக மட்டும் நின்றுவிடுவதில்லை. மலையாளிப் பழங்குடியினருக்குச் சாதிச் சான்று வேண்டும். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி தனிநபர் உரிமைக்கு ஒரு படிவம், சமூக உரிமைக்கு வேறொரு படிவம் உண்டு. காப்பித் தோட்டம் வைத்திருப்பவருக்கு மானிய விண்ணப்பம். 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்களுக்குக் கிடைத்த கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது அது. 2007 வாக்கில் தமிழக அரசின் எல்காட் நிறுவனமே லினக்ஸுக்கு மாறியது. அரசு கொடுத்த கணினியில் அரசு கொடுத்த படிவம் திறக்கவில்லை என்றால் விண்ணப்பதாரர் யாரிடம் போய்க் கேட்பது?

திறக்காமல் போவதற்கு முதல் காரணம் எக்ஸ்எஃப்ஏ (XFA) என்னும் படிவ வகை. இவ்வகைப் படிவத்தை ஒகுலார் போன்ற காட்டியில் திறந்தால், உள்ளடக்கத்துக்குப் பதிலாகக் காத்திருக்கச் சொல்லும் ஒரு வரி மட்டும் வரும். எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் வேறெதுவும் வராது. அடோபி ரீடரின் கடைசி லினக்ஸ் பதிப்பான 9.5.5 வந்தது 2013-இல். அதன்பின் அந்த வாசல் மூடப்பட்டது. 2017-இல் வெளியான பிடிஎஃப் 2.0 தரநிலை எக்ஸ்எஃப்ஏயைக் கைவிட வேண்டிய பட்டியலில் சேர்த்துவிட்டது. மத்திய நிறுவன விவகார அமைச்சகத்தின் எம்சிஏ21 தளம் நெடுங்காலம் இத்தகைய படிவங்களையே கேட்டது. மிளகும் காப்பியும் விற்க உற்பத்தியாளர் நிறுவனம் பதிவுசெய்யும் உழவர்களும் அதற்குத் தப்பவில்லை. 2022 முதல் அங்கே படிப்படியாக வலைப்படிவங்கள் வந்தது சரியான திருத்தம். பயர்பாக்ஸ் 2021-இல் வந்த 93-ஆம் பதிப்பிலிருந்து எக்ஸ்எஃப்ஏயைக் காட்டுகிறது என்றாலும், படிவத்தின் உள்நிரல்கள் எல்லாம் ஓடும் என்று நம்பியிருக்க முடியாது. சந்தேகம் இருந்தால் பாப்ளர் தொகுப்பின் பிடிஎஃப்இன்ஃபோ கட்டளை படிவம் எந்த வகை என்று சொல்லிவிடும்.

மற்றொரு வகையான அக்ரோஃபார்ம் படிவங்கள் லினக்ஸில் தடையின்றி நிரம்புகின்றன, ஆங்கிலத்தில் நிரப்பும் வரை. தமிழில் தட்டினால் கதை வேறு. புலத்துக்கு ஹெல்வெடிகா போன்ற எழுத்துரு குறிக்கப்பட்டிருக்கும். அதில் தமிழே கிடையாது. எழுத்துரு இருந்தாலும் எழுத்துகளைக் கோக்கும் பொறி இல்லாத காட்டியில் 'கொ' என்பதன் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். தட்டும்போது சரியாகத் தெரிந்த பெயர், சேமித்த கோப்பை வேறொரு காட்டியில் திறக்கையில் சிதைந்திருக்கலாம். ஊர்ப் பெயரும் தகப்பனார் பெயரும் சிதைந்த விண்ணப்பம் திரும்பி வரும். அலைச்சல் மலையிலிருந்து இறங்குபவருக்குத்தான். எனவே தமிழ்ப் படிவம் வெளியிடும் அலுவலகம், யூனிகோடு தமிழ் எழுத்துருவைக் கோப்பிலேயே பதித்து, குறைந்தது இரண்டு லினக்ஸ் காட்டிகளில் தமிழில் நிரப்பிப் பார்த்த பிறகே வெளியிட வேண்டும். யூனிகோடைத் தமிழக அரசு ஏற்று ஆணையிட்டது 2010-இல். அதற்கு முந்தைய வானவில் எழுத்துருக் கோப்பை லிப்ரெஆபிஸ் டிராவில் திறந்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ரோமன் எழுத்துக் குவியல் தெரியும். இத்தகைய படிவங்களின் உரையை எழுத்துரு மாற்றி மென்பொருளால் யூனிகோடுக்கு மாற்றலாம், அல்லது புதிதாகத் தட்டச்சு செய்யலாம்.

புலங்களே இல்லாத, வருடி எடுத்த படிவங்களுக்கு ஸோர்னல்++ போதும்: பக்கத்தின் மேல் தமிழை எழுதி மீண்டும் பிடிஎஃப் ஆக்கலாம், கொம்பும் காலும் இடம் மாறாது. இதையே இணையதளங்களிலும் செய்யலாம். ஆனால் ஆதார் நகலையும் சாதிச் சான்றையும் எங்கோ இருக்கும் சேவையகத்துக்கு அனுப்பித் திருத்தும் பழக்கத்தை இவ்வமைப்பு ஏற்கவில்லை. பக்கம் சேர்க்கவும் பிரிக்கவும் க்யூபிடிஎஃப், பிடிஎஃப் அரேஞ்சர் ஆகியவை சொந்தக் கணினியிலேயே, இணைப்பு இல்லாமலும் ஓடுகின்றன.

மின் கையொப்பமிட்ட சான்றிதழ்களைப் பொறுத்தவரை நிலைப்பாடு கடுமையானது: அவற்றில் கை வைக்கக் கூடாது. கையொப்பம் கோப்பின் பைட்டுகளைக் கணக்கிட்டுப் போடப்படுவது. கோப்பைச் சுருக்கினாலோ மறுபடி பிடிஎஃப் ஆக அச்சிட்டாலோ அது போய்விடும், ஓர் எழுத்தும் மாறாவிட்டாலும். ஒகுலார் கையொப்பத்தைச் சரிபார்த்துக் காட்டும், 2021-இன் 21.04 பதிப்பு முதல் கையொப்பமிடவும் செய்யும். கையொப்பம் கெடுவதில் குற்றம் விண்ணப்பதாரர்மேல் மட்டும் இல்லை. சில நூறு கிலோபைட்டுக்குள் பதிவேற்றச் சொல்லும் தளங்களே கையொப்பமிட்ட கோப்பைச் சுருக்கும் கட்டாயத்தை உண்டாக்கிவிட்டு, பிறகு அசலைக் கேட்கின்றன. அந்த வரம்பு உயர வேண்டும். அல்லது சான்றிதழ் எண்ணை மட்டும் வாங்கி, தளமே சரிபார்த்துக்கொள்ளலாம்.

பின்னர் திருத்த வேண்டியிருக்கும் ஆவணத்தைப் பிடிஎஃபாக மட்டும் அனுப்புவதும் தவறு. லிப்ரெஆபிஸ் ரைட்டரில் மூலக் கோப்பை உள்ளே வைத்தே பிடிஎஃப் எடுக்கும் வசதி உண்டு. நிரப்பும் புலங்களையும் அதிலேயே அமைக்கலாம். மாஸ்டர் பிடிஎஃப் எடிட்டர் போன்ற விலைக்கு வரும் மென்பொருளை விரும்பி வாங்குவோருக்கு இவ்வமைப்பு எதிரியல்ல. ஒரு விண்ணப்பம் கொடுப்பதற்காக அதை வாங்கும் கட்டாயத்தையே எதிர்க்கிறது.