அம்மணிக்கு எதுக்குங்க கியர் வண்டி?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இல்லாதவர்கள் வழக்கம்போல லைக் போட்டுவிட்டுப் போகலாம், டீச்சர் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

பத்து நாளாக எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு பஞ்சாயத்து ஓடுகிறது. என் அண்ணன் மகள் கார் வாங்கப் போகிறாள். சரவணம்பட்டியில் வேலை, ஐந்து வருடச் சேமிப்பு, யாரிடமும் பத்துப் பைசா கேட்கவில்லை. அவள் ஆசைப்பட்டது ஹூண்டாய் ஐ20 என் லைன். 1 லிட்டர் டர்போ எஞ்சின், 120 குதிரைத் திறன். அதில் 6 கியர் மேனுவலும் உண்டு, 7 கியர் டி.சி.டி. ஆட்டோமேட்டிக்கும் உண்டு. மேனுவல்தான் வேண்டும் என்கிறாள். உடனே மாமன் மச்சான், சித்தப்பா பெரியப்பா எல்லோரும் வரிந்து கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். "அம்மணிக்கு எதுக்குங்க கியர் வண்டி? ஆட்டோமேட்டிக்கே எடுத்துக் குடுத்துருங்க."

எடுத்துக் கொடுப்பது யார்? பணம் அவளுடையது. ஓட்டப்போவது அவள். ஷோரூமிலும் இதே கதைதான். அவள் கேள்வி கேட்கக் கேட்க, அந்தத் தம்பி பதிலை அவள் அப்பாவைப் பார்த்தே சொல்லியிருக்கிறார். "மேடமுக்கு ஆட்டோமேட்டிக்தாங்க சார் செட் ஆகும்." வண்டியைத் தொட்டுக்கூடப் பார்க்காத மேடமுக்கு எது செட் ஆகும் என்று அவருக்கு எப்படித் தெரிந்ததோ! டி.சி.டி. ஏறத்தாழ ஒரு லட்சம் கூடுதல் விலை என்பதையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு நேர்மாறாக இன்னொரு கதை. என்னிடம் பிளஸ் டூ இயற்பியல் படித்த மாணவர் ஒருவர். பெயர் போடாமல் எழுதச் சம்மதித்திருக்கிறார். இடது முழங்காலில் லிகமென்ட் அறுவை சிகிச்சை ஆனவர். "ஸ்போர்ட்ஸ் காரை ஆட்டோமேட்டிக்ல வாங்கறதுக்கு ஸ்கூட்டி வாங்கிக்கோ மாப்ளே" என்று கூட்டாளிகள் கேலி பண்ணினார்கள் என்பதற்காக மேனுவல் வாங்கினார். தினமும் சத்தி ரோட்டில் போகவர இரண்டு மணி நேரம். கணபதி தாண்டுவதற்குள் எத்தனை முறை கிளட்ச் மிதிக்க வேண்டும் என்று அந்த வழி போகிறவர்களுக்குத் தெரியும். இப்போது சாயங்காலமானால் முட்டிக்கு ஐஸ் ஒத்தடம்.

இரண்டு பேருக்கும் நடந்தது ஒன்றுதான். ஒருத்திக்குப் பெண் என்பதால் ஆட்டோமேட்டிக், ஒருத்தருக்கு ஆண் என்பதால் மேனுவல். எந்த ரோடு, எவ்வளவு நேரம், எந்தக் கால், எந்த மலை என்று யாரும் கேட்கவில்லை.

"உண்மையான டிரைவர்னா கியர் போட்டு ஓட்டணும்" என்று மார்தட்டும் மச்சான்மார்களுக்கு முதலில் ஒன்று சொல்கிறேன். நம் கோயம்புத்தூர் பையன் நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா 1 ஓட்டினார். இந்தியாவிலிருந்து அங்கே போன முதல் ஆள். அந்தக் காரில் கிளட்ச் மிதி கிடையாது, கியர் கம்பியும் கிடையாது. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் பட்டையை விரலால் இழுத்தால் கியர் மாறும். 1989-லேயே ஃபெராரி இதைக் கொண்டுவந்து, முதல் ரேஸிலேயே பிரேசிலில் நைஜல் மான்செல் ஜெயித்தும் விட்டார். ஆக, கிளட்ச் மிதிப்பவன்தான் ஆண்பிள்ளை என்றால் ஃபார்முலா 1-ல் ஆண்பிள்ளையே இல்லை.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. கியரைத் தானே தேர்ந்தெடுக்கும் முழு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களும் ஒரு காலத்தில் அங்கே வந்தன. 2004-ல் அவற்றுக்குத் தடை போட்டார்கள். எந்த வளைவுக்கு எந்த கியர் என்பதை டிரைவரே முடிவு செய்யட்டும் என்றார்கள். கால் வேலையை எடுத்துவிட்டார்கள், மூளை வேலையை விட்டுவைத்தார்கள். நான் இந்தப் பதிவை எழுதுவதே இந்த ஒரு விஷயத்துக்காகத்தான். மேனுவலா ஆட்டோமேட்டிக்கா என்பது காலைப் பற்றிய கேள்வி. கியரை யார் முடிவு செய்கிறார்கள் என்பதுதான் உயிரைப் பற்றிய கேள்வி.

ஏன் உயிர் என்கிறேன்? நம் ஊரில் இந்த மாதிரி வண்டி வாங்குகிற யாரும் அதை அவினாசி ரோட்டோடு நிறுத்திக்கொள்வதில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வால்பாறை, ஊட்டி, கோத்தகிரி. ஏறும்போது ஒன்றும் ஆவதில்லை. இறங்கும்போதுதான் கணக்கு.

சாக்பீஸ் இல்லை, இருந்தாலும் போடுகிறேன். நாலு பேர், பெட்டி படுக்கையோடு வண்டி 1500 கிலோ. வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு 40 கொண்டை ஊசி வளைவு. இறங்கும் உயரத்தைக் குறைத்தே 700 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நிலை ஆற்றல் எம்.ஜி.எச்: 1500 × 9.8 × 700. ஒரு கோடி ஜூலுக்கும் மேல்! கிட்டத்தட்ட 35 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற ஆற்றல். கொஞ்சம் காற்றிலும் டயரிலும் போகும். மீதி எங்கே போகும்? நீங்கள் பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்கினால் அத்தனையும் அந்தச் சின்ன பிரேக் தட்டுகளுக்குத்தான் போக வேண்டும். தட்டு பழுக்கும், பேட் கருகி நாறும். அதற்குப் பிறகும் மிதித்தால் பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி கட்டும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரிக்கு மேல் தாங்கும். காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துப் பழசாகிவிட்டால் 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். குமிழி கட்டியபின் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது.

"இரண்டாவது கியரில் இறங்கவும்" என்று மலைப்பாதையில் பலகை வைத்திருப்பது இதனால்தான். கியரைக் குறைத்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் சக்கரம் எஞ்சினைச் சுற்ற வேண்டியிருக்கும், அந்த இழுவையே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். கல்லட்டியில் 36 வளைவு, இதைவிடச் செங்குத்து. வெளியூர் வண்டிகள் அந்த வழியாக இறங்கக் கட்டுப்பாடு கொண்டுவந்தது சும்மா இல்லை.

இன்னொரு மடத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் இறங்குகிற சிக்கனசாமிகள் நம் சொந்தத்திலேயே இருக்கிறார்கள், பெயர் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். இப்போதைய எஞ்சின்களில் கியரில் இருந்தபடி காலை எடுத்தால் பெட்ரோல் ஊற்றுவதே நின்றுவிடும். நியூட்ரலில் போட்டால்தான் எஞ்சின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் போய்க்கொண்டிருக்கும். மிச்சமும் இல்லை, பிடியும் இல்லை.

இப்போது என் அண்ணன் மகளிடம் வருவோம். மேனுவல் ஏன் என்று நானே கேட்டேன். "அத்தை, எறக்கத்துல வண்டி என்ன பண்ணுதுன்னு எனக்குத் தெரியணும்" என்றாள். இதைவிட நல்ல காரணத்தை குரூப்பில் பேசிய பதினோரு பேரில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. மாதம் இரண்டு முறை வால்பாறை எஸ்டேட்டிலிருக்கும் தோழி வீட்டுக்குப் போகிறவள். கம்பெனிக்குப் போவது பஸ்ஸில். அவளுக்கு மேனுவல்தான் சரி. சென்னையின் அலிஷா அப்துல்லா ஆண்களோடு சேர்ந்து பைக் ரேஸும் கார் ரேஸும் ஓட்டிய நாட்டில், நம் தோட்டங்களில் பெண்கள் டிராக்டர் ஓட்டும் ஊரில், ஆறு கியர் இவளுக்குப் பெரிய பாரமாம்! நான் கற்றுக்கொண்டது ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் கியர் கம்பி நீட்டிக்கொண்டிருந்த பழைய அம்பாசிடரில். புடவை கட்டிக்கொண்டுதான்.

முட்டி வலிக்காரருக்கு என் பதில் வேறு. தம்பி, அந்த வண்டியைக் கொடுத்துவிட்டு டி.சி.டி. எடு. ஒற்றைப்படை கியருக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு ஒரு கிளட்ச், அடுத்த கியர் முன்கூட்டியே தயாராக நிற்கும். நீயும் நானும் எவ்வளவு வேகமாக மாற்றினாலும் அதற்கு ஈடாகாது. வேகத்துக்காகத்தான் வாங்கினாய் என்றால் உன் கூட்டாளிகள் வாய் திறக்கவே வழியில்லை. ஜாமில் ஒன்று மட்டும் பார்த்துக்கொள். இஞ்ச் இஞ்சாக ஊர்ந்துகொண்டே இருந்தால் அந்தக் கிளட்சுகளும் சூடாகும். முன்னால் நாலடி இடம் விட்டு, நின்று நின்று போ. மலையில் இறங்கும்போது 'டி'-யில் போட்டுவிட்டுப் பாட்டுக் கேட்காதே. சில வண்டிகள் இறக்கம் புரிந்து தானே கியரைக் குறைக்கும், எல்லா வண்டியும் குறைக்காது. மேனுவல் மோடுக்கு மாற்றி, ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் பட்டையால் இரண்டாவது கியரில் பிடித்துக்கொள். காசு கொடுத்து வாங்கிய அந்தப் பட்டையை ஒருநாளும் தொடாதவர்களை எனக்குத் தெரியும். காரில் ஸ்பாய்லர் வைத்திருப்பார்கள், சிவப்பு நூல் தையல் வைத்திருப்பார்கள், அந்தப் பட்டை எதற்கென்று கேட்டால் ஹாரன் என்பார்கள்.

மேனுவல்காரர்களும் ரொம்பத் துள்ள வேண்டாம். கியர் கம்பி கையில் இருந்தும் ஐந்தாவதில் போட்டுக்கொண்டு பிரேக்கிலேயே ஊட்டி இறங்குகிறவரிடம் மூன்று மிதி இருந்து என்ன, முப்பது இருந்து என்ன? பர்லியாறு பக்கம் இறங்கும்போது கருகல் வாசனை வருகிறதே, அது எல்லாமே ஆட்டோமேட்டிக் வண்டியிலிருந்து வருவது என்றா நினைக்கிறீர்கள்?

குரூப்பில் இருக்கும் பெரியவர்களுக்கு: புக்கிங் நேற்றே ஆகிவிட்டது. மேனுவல்தான். டெலிவரி அன்று பூஜைக்கு வாருங்கள், எலுமிச்சம்பழம் வையுங்கள், வாயார வாழ்த்துங்கள். "மொதல்ல நான் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கறேன்" என்று சாவியைக் கேட்காதீர்கள், அவள் கொடுக்க மாட்டாள். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கீழே தாராளமாக எழுதலாம், கணக்கோடு. ஃபார்வர்ட் வீடியோ அனுப்பினால் நீக்கிவிடுவேன்.