இல்லமும் இளைஞரும்: புதிய விதிநூல் வந்தால் பழைய ஆட்டம் என்னாவது?

"பிள்ளைகள் ஒரு விளையாட்டுக்கு விதிநூல் வேண்டும் என்கிறார்கள். முன்பே ஒன்று வாங்கித் தந்தோம். அதே பெயரில் இப்போது இன்னொன்று வந்திருக்கிறதாம். அதுவும் கையில் எடுத்துப் புரட்டுகிற புத்தகமாக வேண்டாம், கணிப்பொறித் திரையில் திறந்துகொள்ளும் உரிமை போதும் என்கிறார்கள். இது என்ன விந்தை? வாங்கித் தரலாமா, கூடாதா?" இவ்வாறு நம் சங்கத்துப் பெற்றோர் இருவர் இப்பகுதிக்கு எழுதிக் கேட்டிருக்கிறார்கள்.

ஒரு சொல்லில் விடை கூறக்கூடிய கேள்வி அன்று இது. வாங்குவதற்கு ஆகும் செலவைக் காட்டிலும், வாங்கிய பின் அதைப் பிள்ளைகள் எவ்வாறு புழங்குகிறார்கள் என்பதில்தான் சங்கடம் இருக்கிறது. நண்பர் நால்வர் கூடி மூன்றாண்டுகளாக நடத்திவந்த ஆட்டமொன்று, ஒரு புதுப் புத்தகத்தால் முறிந்துபோகும் தறுவாய்க்கு வந்ததை அண்மையில் அருகிலிருந்து கண்டேன். அதனைச் சொல்லுமுன், விளையாட்டு இன்னதென்று அறியாத பெரியவர்களுக்காகச் சில வார்த்தைகள்.

'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்பது இதன் பெயர். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரு அமெரிக்கர்கள் ஆக்கியது. விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் ஊரிலிருந்து 1974-ஆம் ஆண்டில் வெளிவந்தது. இதில் வென்றவர், தோற்றவர் என்று எவரும் இல்லை. ஒருவர் கதை சொல்லி ஆட்டத்தை நடத்துகிறார். ஏனையோர் அக்கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரமாகப் புகுந்து, "நான் கதவைத் திறக்கிறேன்", "நான் ஒளிந்துகொள்கிறேன்" என்று சொல்லிக்கொண்டு போகிறார்கள். எடுத்த காரியம் பலிக்குமா என்பதைப் பகடை தீர்மானிக்கிறது. நம் தாயக்கட்டை போலன்றி, நான்கு முகம் முதல் இருபது முகம் வரையில் பலவகைப் பகடைகள் உண்டு. ஒரே கதை ஆண்டுக்கணக்கில் நீளலாம். கதாகாலட்சேபத்தில் கேட்போரும் எழுந்து வந்து பாத்திரம் ஏற்றால் எப்படியிருக்கும்? ஏறக்குறைய அப்படித்தான்.

இதன் ஐந்தாம் பதிப்பு 2014-ல் வந்தது. அதனைத் திருத்தி அமைத்த விதிநூல்கள் மூன்று. ஆடுவோர் கையேடு 2024 செப்டம்பரிலும், ஆட்டத்தை நடத்துவோர் கையேடு அதே ஆண்டு நவம்பரிலும், அரக்கர், விலங்குகளின் நூல் 2025 பிப்ரவரியிலும் வெளிவந்தன. ஒவ்வொன்றும் 384 பக்கம்.

இத்தனை பக்கங்களையும் மனத்தில் இருத்தி எவரும் ஆடுவதில்லை. இதற்கெனவே இணையத்தில் கருவித்தொகுதிகள் இருக்கின்றன. 2017-ல் தொடங்கிய 'டி அண்ட் டி பியாண்ட்' அவற்றுள் ஒன்று. 2022 முதல் அது விதிநூலை வெளியிடுவோரின் உடைமையாகவே உள்ளது. 'ரோல் டுவென்ட்டி', 'ஃபௌண்ட்ரி' என்று வேறு சிலவும் உண்டு. பாத்திரத்தின் வலிமை, கவசம், கற்ற மந்திரங்கள் எல்லாவற்றையும் ஒரு குறிப்பேடாகத் திரையில் வைத்துக்கொண்டு, கூட்டல் கழித்தலைக் கருவியே செய்கிறது. பகடையையும் அதுவே உருட்டும். ஒருவர் டில்லியிலும் ஒருவர் நாகபுரியிலும் இருந்தாலும் ஒரே படத்தைப் பார்த்து ஆடலாம். மாற்றல் உத்தரவுக்கு அஞ்சியே வாழ்கின்ற நம்மைப் போன்ற குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இது சிறிய வசதி அன்று.

இனி, விதி என்னும் விஷயத்துக்கு வருவோம். தாயம் ஆடாத தமிழ்க் குடும்பம் ஏது? தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும் என்பதில் கருத்து வேறுபாடில்லை. ஆனால், எதிரியின் காய் ஒன்றையேனும் வெட்டாமல் உள்ளே போகக்கூடாது என்று ஒரு வீட்டில் சொல்வார்கள். அப்படியொரு சட்டமே கிடையாது என்று மறு வீட்டில் சாதிப்பார்கள். கட்டம் வரையும்போதே "எங்கள் ஊர் முறையா, உங்கள் ஊர் முறையா?" என்று கேட்டுத் தீர்த்துக்கொள்வது நம் பாட்டிமார் வழக்கம். நடு ஆட்டத்தில் எவரும் முறையை மாற்றுவதில்லை. மாற்றினால் அன்றைக்கு இரவுச் சாப்பாடு வரையில் சண்டை ஓயாது.

காகிதப் புத்தகத்துக்கும் இந்த நல்ல குணம் உண்டு. அலமாரியில் வைத்த 2014-ஆம் ஆண்டுக் கையேடு, புதியது வந்துவிட்டதென்று தன் எழுத்தைத் தானே மாற்றிக்கொள்ளாது. திரையில் உள்ள புத்தகம் அப்படியன்று. 2024 ஆகஸ்டில் 'டி அண்ட் டி பியாண்ட்' நிர்வாகத்தார் ஓர் அறிவிப்புச் செய்தார்கள். பாத்திரக் குறிப்பேடுகளில் உள்ள மந்திரங்களும் மாயப் பொருள்களும் புதிய கையேட்டின்படி மாற்றப்படும்; பழையபடி வேண்டுவோர் தாமே அவற்றைச் சொந்தக் குறிப்பாக எழுதிச் சேர்த்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். பணம் கொடுத்துப் பழைய நூலைப் பெற்றிருந்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். நடந்துகொண்டிருக்கும் கதையின் நடுவே எங்கள் பாத்திரத்தின் கையிலிருப்பதை நீங்கள் எப்படி மாற்றலாம் என்று அவர்கள் கேட்டது நியாயமே. சில நாட்களிலேயே நிர்வாகத்தார் தம் முடிவைக் கைவிட்டு, பழையவையும் இருக்கும் என்று அறிவித்தார்கள். வாங்கியவர் வாய் திறந்து கேட்டதால் கிடைத்த பலன் அது.

நிர்வாகம் மாற்றாவிட்டால் என்ன, பிள்ளைகள் தாமே மாற்றிக்கொள்ளலாமே! நான் கண்ட தகராறு அவ்வகையினது. என் தமக்கையின் பேத்தி அந்நால்வரில் ஒருத்தி. அரசாங்கக் குடியிருப்பு ஒன்றில் அடுத்தடுத்த வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். தகப்பன்மார் மாற்றலாகி நான்கு ஊருக்குப் பிரிந்த பின், ஞாயிற்றுக்கிழமை மாலைதோறும் திரையின் முன் கூடுவதை ஒரு விரதம் போலக் காத்து வந்தார்கள். மூத்தவன் கதை நடத்துவான். கதையில் வரும் சூனியக்காரக் கிழவி அவன் பாட்டியின் திருநெல்வேலித் தமிழில் பேசுவாள். அதைக் கேட்டு மற்ற மூவரும் அதே தமிழில் பதில் சொல்லப் பழகிவிட்டார்கள். எந்தத் தமிழ் வகுப்பும் அந்த வேலையை அவ்வளவு எளிதில் செய்திராது என்பது என் அபிப்பிராயம்.

மூவரில் இளையவனுக்கு அவன் மாமா புதிய கையேட்டின் இணைய உரிமையைப் பரிசளித்தார். கருவித்தொகுதியில் ஒருவர் பெற்ற நூலைக் குழு முழுதும் பயன்படுத்தப் பகிர்ந்தளிக்கும் ஏற்பாடு உண்டு. பையன் தாராள மனத்தோடு பகிர்ந்தான். அடுத்த ஞாயிறு எல்லோருடைய பட்டியலிலும் புதியன நிறைந்திருந்தன. என் பேத்தியின் பாத்திரம், காயம் ஆற்றும் சக்தியுடைய ஒரு பூசாரிப் பெண். பழைய நூலில் அந்தக் காயம் ஆற்றும் மந்திரத்துக்கு எட்டு முகப் பகடை ஒன்று. புதிய நூலில் இரண்டு. அவள் அன்றே புதியதை எடுத்துக்கொண்டாள்; எவர்தாம் எடுக்கமாட்டார்? ஆனால் நாகபுரிப் பையனின் பாத்திரம் 'பாலடின்' என்னும் அறவீரன். பழைய விதிப்படி அவன் வாள் பட்டபோதெல்லாம், விரும்பினால் தன் மந்திர வலிமையைச் செலவிட்டுத் தெய்விக அடியாக அதனை ஓங்கலாம். ஒரே முறையில் இரண்டு வெட்டுப் பட்டால் இரண்டிலும் ஓங்கலாம். புதிய நூலில் அதுவே ஒரு மந்திரமாகி, ஒரு முறைக்கு ஓர் அடி என்று குறுகிவிட்டது.

மூத்தவன், "புதுப் புத்தகம் வந்துவிட்டது, எல்லோரும் அதற்கே மாறிவிடுவோம்" என்றான். நாகபுரிப் பையன், "அண்ணா, மூன்று வருஷமாக நான் வளர்த்த வீரன் இவன். நீ ஒரு நாளில் அவன் கையைக் கட்டுகிறாயே! அவளுக்கு மட்டும் இரட்டைப் பகடையா?" என்றான். "நானா அண்ணா புத்தகம் எழுதினேன்?" என்றாள் பெண். திரை அணைந்தது. இரண்டு ஞாயிறு எவரும் கூடவில்லை. பெரியவர்கள் இதனைச் சிறுபிள்ளைச் சண்டை என்று தள்ளிவிடலாகாது. ஊர் விட்டு ஊர் போன பிள்ளைகளுக்கு இப்படிப்பட்ட ஒரு கூட்டம் கலைந்தால் மறுபடி கூடுவது துர்லபம்.

அவர்கள் தீர்த்துக்கொண்ட விதம் பிறருக்கும் பயன்படும். நடக்கும் கதையை நிறுத்திவைத்து, மூன்று வாரத்துக்கு மட்டும் ஒரு சிறு கதை தொடங்கினார்கள். அதில் எல்லோரும் புதிய நூலின்படி புதிய பாத்திரம் அமைத்து முதற் படியிலிருந்து ஆடினார்கள். கையில் இருப்பதை இழக்கிறோம் என்ற வருத்தம் அதில் இல்லை. ஆகவே விதி நல்லதா, அல்லதா என்று மட்டும் பார்க்க முடிந்தது. பின்னர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பேசினார்கள். காயம் ஆற்றும் மந்திரம் புதியபடி இருக்கட்டும். மருந்துக் குப்பியைக் குடிப்பதற்கு ஒரு முறை முழுதையும் செலவிட வேண்டாம் என்ற புதிய சலுகையும் இருக்கட்டும். அறவீரன் மாத்திரம் இந்தக் கதை முடியும் வரையில் பழைய வீரனாகவே இருப்பான். பழையவை கருவித்தொகுதியில் தனி அடையாளத்தோடு நிற்பதால், ஒரே குழுவில் ஒரு பாத்திரம் பழைய நூலிலும் மற்றொன்று புதிய நூலிலும் இருப்பதற்குத் தடையில்லை. நடத்துபவன் எது எதை அனுமதித்தான் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தால் போதும். அவன் அதை ஒரு பக்கத்தில் எழுதி நால்வருக்கும் அனுப்பிவிட்டான்.

இதிலிருந்து பெற்றோர் அறியவேண்டியது யாதெனில், நூலை வாங்கியவுடன் குழுவின் பட்டியலில் திறந்துவிடுமாறு பிள்ளையிடம் சொல்லவேண்டாம் என்பதே. முதலில் அது அவன் கணக்கில் மட்டும் இருக்கட்டும். நடத்துபவர் படிக்கட்டும். 'ஃபௌண்ட்ரி' போன்று சொந்தக் கணிப்பொறியிலேயே இயங்குவனவற்றில் இன்னும் ஒரு ஜாக்கிரதை வேண்டும். புதிய விதித்தொகுதியை ஏற்றுமுன் பழைய ஆட்டம் முழுவதையும் பிரதி எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். ஏற்றிய பிறகு ஏதேனும் பிசகினால் திரும்புவதற்கு வழி இருக்கும்.

செலவைப் பற்றியும் கேட்டிருந்தார்கள். நால்வருக்கு நான்கு நூல் தேவையே இல்லை. பகிர்வு வசதியுள்ள சந்தாவை ஒருவர் கட்டினால் குழுவுக்குப் போதும். நான்கு வீடும் பங்கிட்டுக்கொள்வது முறை. அதற்கும் முன்னே, ஒரு காசும் செலவழிக்காமல் தொடங்க முடியும் என்பதைப் பலர் அறியார். விளையாட்டின் அடிப்படை விதிகளை வெளியீட்டாளரே 2023 ஜனவரியில் 'கிரியேட்டிவ் காமன்ஸ்' என்ற பொது உரிமத்தின் கீழ் எவரும் எடுத்தாளலாம் என்று விட்டுவிட்டார்கள். உரிம நிபந்தனைகளை மாற்றப்போய்ப் பெரும் எதிர்ப்பைச் சந்தித்த பின் நேர்ந்தது அது. திருத்திய விதிகளுக்கான தொகுப்பும் 2025 ஏப்ரலில் அவ்வாறே வெளிவந்தது. கொடுத்ததைத் திரும்பப் பெற முடியாத உரிமம் இது. புதிய விதி பிடிக்கிறதா என்று பார்க்க இந்தத் தொகுப்பே போதும். கையேட்டில் உள்ள அத்தனை பாத்திர வகையும் மந்திரமும் அதில் இராது, அவ்வளவே. பிடித்த பிறகு வாங்கலாம். என்னைக் கேட்டால், வாங்குவதில் முதலாவது காகிதப் புத்தகமாக இருக்கட்டும் என்பேன். நம் சங்க நூலகத்தில் ஒரு பிரதி வைத்தால் பத்து வீட்டுக்கு உதவும்.

இதனைக் கிழவனின் பிடிவாதம் என்று இளைஞர்கள் நினைக்கக்கூடும். இதே விளையாட்டின் நான்காம் பதிப்புக்கும் ஒரு கருவித்தொகுதி இருந்தது. சந்தா கட்டியோர் மாதந்தோறும் புதிய விதிகளைப் பெற்று வந்தார்கள். முதலில் தம் கணிப்பொறியில் இறக்கி வைத்துக்கொள்ளும்படி இருந்த பாத்திரம் அமைக்கும் கருவி, 2010-ல் இணையத்தில் மட்டுமே இயங்குவதாக மாறியது. அது 'சில்வர்லைட்' என்னும் தொழில்நுட்பத்தின்மேல் நின்றது. அந்தத் தொழில்நுட்பம் கைவிடப்படவே, 2020 ஜனவரி 1 முதல் கருவித்தொகுதியும் மூடப்பட்டது. அந்தப் பதிப்பின் காகித நூல்களை வைத்திருப்போர் இன்றைக்கும் எடுத்து ஆடுகிறார்கள்.

ஆகவே பாத்திரக் குறிப்பேட்டை அவ்வப்போது அச்சிட்டு வைப்பது நல்லது. பெரும்பாலான கருவித்தொகுதிகளில் அதற்கு வசதி இருக்கிறது. ஒவ்வொரு படி உயரும்போதும் ஒரு பிரதி, அதன் மேல் தேதி, எந்த நூலின் விதி என்ற குறிப்பு, இவ்வளவும் போதும். என் பேத்தியின் பூசாரிப் பெண்ணுக்கு இதுவரை ஆறு தாள்கள் சேர்ந்திருக்கின்றன. குடும்ப அட்டையும் மாற்றல் சான்றிதழ்களும் இருக்கிற கோப்பிலேயே அவளுடைய தாய் அவற்றையும் வைத்திருக்கிறாள்.