எவற்றுள் எத்தனை?

கானாடுகாத்தானுக்கு வருவோர் அங்குள்ள மாளிகைகளின் பரப்பையும் பர்மாத் தேக்குத் தூண்களின் வழவழப்பையும் கண்டு வியப்பர். அத்தேக்கு வந்த அதே கடல்வழியில் கணக்கும் வந்து சேர்ந்தது. பர்மாவில் வட்டித்தொழில் நடத்திய நகரத்தார், ஐந்தொகை எழுதிச் சரிபார்ப்பதில் பெயர்பெற்றவர்கள். அவர்களது வாழ்வு தடம் மாறிய காலத்தின் கணக்கொன்று, இன்று கணினியில் பட்டை விளக்கப்படம் வரையும் மாணவர்க்குச் சிறந்த பாடமாகிறது.

உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தின்போது நெல்லின் விலை சரிந்தது. கடன் பெற்ற பர்மிய உழவர்களால் அதனைத் திருப்பித்தர இயலவில்லை. ஈடாக வைத்த நிலங்கள் கடன் கொடுத்தோர் கைக்கு மாறின. கீழ்ப் பர்மாவின் 13 முதன்மை நெல் மாவட்டங்களில், 1930இல் சாகுபடி நிலத்தில் 31 விழுக்காடு உழவரல்லாதோர் வசம் இருந்தது. அதில் 19 விழுக்காடு நகரத்தாருடையது. 1938இல் அவ்விரண்டுமே 50 விழுக்காடாயின. மொத்த நிலத்தோடு ஒப்பிட்டால், நகரத்தாரின் பங்கு 6 விழுக்காட்டிலிருந்து 25 விழுக்காடாக உயர்ந்தது.

1938இல் நகரத்தாரிடம் இருந்தது கால் பங்கா, அரைப் பங்கா? இரண்டும் உண்மையே. மொத்த நிலத்துள் என்றால் கால் பங்கு; உழவரல்லாதோர் நிலத்துள் என்றால் அரைப் பங்கு. கண்ணை மூடிக்கொண்டு ஓர் ஏக்கரைத் தொடுகிறோம்; அது உழவரல்லாதோர் நிலம் என்பது முன்பே தெரிந்தால், நகரத்தாருடையதாக இருக்கும் வாய்ப்பு இரட்டிப்பாகிறது. இதுவே சார்புநிலை நிகழ்தகவு. ஆனால், ‘எவற்றுள்’ என்னும் சொல்லை விட்டுவிட்டு ‘பாதி நிலம்’ என்று மட்டும் சொன்னால், உண்மையான எண்ணே பொய்யாகிவிடும். நிலம் இழந்தவரின் கண்ணீரும் கடன் கொடுத்தவரின் வாதமும் மோதிய களத்தில் அச்சொல் சிறியதன்று. 1948இல் விடுதலை பெற்ற பர்மா, அவ்வாண்டிலேயே நில நாட்டுடைமைச் சட்டத்தை இயற்றியது.

இவ்வட்டவணையைப் படமாக்குமாறு மென்பொருளிடம் கொடுத்தால் என்ன நிகழும்? ‘ஆர்’ என்னும் கட்டற்ற புள்ளியியல் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். அது நிரைவாரியாகவும் பங்கு காணும், நிரல்வாரியாகவும் காணும். எது வேண்டும் என்று நாம்தான் சொல்ல வேண்டும். ஆண்டுகளை நிரைகளாகவும், நகரத்தார், பிறர் என்போரை நிரல்களாகவும் அமைத்து, உழவரல்லாதோர் நிலத்துள் ஒவ்வோர் ஆண்டின் பங்குகளைக் கண்டதாகக் கொள்வோம். அதனை அப்படியே வரையச் சொன்னால், மென்பொருள் நிரலுக்கொரு பட்டை எழுப்பும். நகரத்தார் பட்டையில் 19உம் 50உம் அடுக்கப்பட்டு 69 ஆகும். பிறர் பட்டை 131 ஆகும். இவ்வெண்களுக்குப் பொருளே இல்லை. எனினும், படம் அழகாகவே இருக்கும். எச்சரிக்கை எதுவும் தோன்றாது. நிரையை நிரலாக மாற்றிய பின்னரே ஆண்டுக்கொரு பட்டை, நூறு விழுக்காட்டு உயரத்தில் நிற்கும்.

அதன்பின்னும் ஒரு குறை எஞ்சுகிறது. அகலம் ஒன்றாயிருக்கும் இரு பட்டைகளும் 19 என்பது 50 ஆனதைக் காட்டும். அடித்தளமே 31இலிருந்து 50 ஆக விரிந்ததை மறைத்துவிடும். பட்டைகளின் அகலத்தை 31, 50 என்னும் விகிதத்தில் அமைத்தால் அக்குறை நீங்கும். அப்போது நகரத்தார் பகுதியின் உயரம் சார்புநிலை நிகழ்தகவைக் காட்டும். பரப்பு மொத்த நிலத்தில் அவர்களது பங்கைக் காட்டும். 31இல் 19 விழுக்காடு ஏறத்தாழ 6. 50இல் பாதி 25. நிகழ்தகவின் பெருக்கல் விதி இவ்வாறு கண்முன் நிற்கிறது.

கணினியே வரைந்த படம் பிழைபடாது என்று நம்புவோர் உளர். கணினி கூட்டலில் பிழை செய்யாது. ஆனால் நம் கேள்வி எது என்பதை அது அறியாது. எனவே, ஒவ்வொரு விளக்கப்படத்தின் கீழும் ‘எவற்றுள் எத்தனை’ என்பதை ஒரு வரியில் எழுதுவதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பதே என் கருத்து. செய்தித்தாளில் காணும் படத்தில் அவ்வரி இல்லையெனில், அதை நம்புவதற்கு முன் அக்கேள்வியைக் கேளுங்கள். பற்று எது, வரவு எது என்று குறிக்காத பேரேட்டை எந்தக் கணக்கரும் ஏற்கமாட்டார். அடித்தளம் குறிக்காத பட்டையை நாம் மட்டும் ஏன் ஏற்க வேண்டும்?